பதினேழாம் கிணறு

அறிக்கையில் 39.6 என்று இருக்கிறது.
தட்டச்சிட்டது நான்தான்,
போன ஆவணியில், கரண்ட் போய்ப்போய் வந்த ஒரு பின்னேரம்.
இன்று அதே கணக்கை ஓடவிட்டால்
38.4 என்கிறது திரை.
எக்செல் தாளில் மஞ்சள் பூசிய பெட்டிக்குள்
இன்னுமொன்று, 41.3.
முப்பத்தாறு கிணறு, ஒரே நைத்திரேற்று,
மூன்று இடைகள்.
ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர்
ஒரே வீட்டு விலாசத்தைக் காட்டுவதுபோல.

கிளிநொச்சியிலிருந்து டிலக்சனா எடுத்தாள்:
“உங்கட கோப்பு இஞ்ச ஓடுதில்லை.
புதுசு, கடைசி, கடைசி ரெண்டு எண்டு
ஒரு ஃபோல்டரைத் தேடுது.
அது உங்கட மெசினில மட்டும்தானே கிடக்கு?”
ஓம்.
என் மெசினில் மட்டும் உண்மையாயிருந்த ஓர் உண்மை.

அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்,
முப்பத்தெட்டு வயதில்,
திருநெல்வேலிச் சந்தையின் இரைச்சல் ஏறிவரும் மேல்மாடி அறையில்.
ஒரே கோப்பு.
ஒரு பந்தி எழுத்து, பிறகு ஒரு துண்டு நிரல்,
அதன் விடை, திரும்ப எழுத்து.
வாக்கியத்தின் நடுவே எண் வரவேண்டிய இடத்தில்
எண்ணை எழுதக்கூடாதாம்.
எண்ணுக்குப் போகிற வழியை எழுதவேண்டுமாம்.
கை இலேசில் பணியவில்லை.
பதினைந்து வருடம்
விடையை மட்டும் எழுதிச் சம்பளம் வாங்கிய கை.

பள்ளிக்கூடக் கணிதத்தில் நிரல் என்றால்
மேலிருந்து கீழே இறங்கும் எண்கள்.
இங்கே நிரல் என்றால் கட்டளை.
இரண்டும் ஒரே சொல்லில் வாடகைக்கு இருக்க,
எந்தக் கதவைத் தட்டுகிறேன் என்று தெரியாமல்
ஒரு கிழமை போனது.

அலுமாரியில் ஒரு பழைய இலக்கணப் பதிப்பு.
முகப்பில் ‘மூலமும் உரையும்’.
சிரிப்பு வந்தது.
இதைத்தானே செய்துகொண்டிருந்தோம்!
மூலம் ஒன்றரை அடி, உரை இரண்டு பக்கம்;
ஏன் இந்தச் சொல், ஏன் இங்கே,
வேறொருவர் வேறு பாடம் கொண்டால் அதுவும்.
என்னிடம் இருந்தது
மூலம் இருநூறு வரி.
உரை இல்லை.

அறுபத்தோராம் வரி:
கிணறு != 17

ஏன் என்று கேட்டது
அதன் மேலே நான் விட்டிருந்த வெறும் இடம்.
‘மாதிரி பழுதானதால்’ என்று தொடங்கினேன்.
பழுதாகவில்லை. அழித்தேன்.
‘போத்தல் மூடி சரியாக’
மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.
மூன்றாம் தரம் எழுதியது அப்படியே கிடக்கிறது கோப்பில்:
142 வந்தது.
வரைபில் மற்றப் புள்ளிகளை எல்லாம் அடியில் நசித்துவிட்டது.
பார்க்க வடிவில்லை.
எடுத்துவிட்டேன்.

உரும்பிராய். வெங்காயத் தறைக்கும் குசினிக்கும் நடுவே அந்தக் கிணறு.
பெயர் பிரதாயினி.
போத்தலில் நான் இலக்கம் ஒட்டும்போது கேட்டாள்:
“பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறது இதிலதான்.
குடிக்கலாமோ?”
“அறிக்கை வந்தாப்பிறகு சொல்லுறன்.”
அறிக்கை வந்தது. பளபளப்பான அட்டை,
உள்ளே முப்பத்தைந்து கிணறு.

வரியை எடுத்தேன். ஓடவிட்டேன்.
நான் தொடாமலே
மூன்று பக்கங்களில் 41.3 வந்து உட்கார்ந்தது.
வரைபில் உயரத்தில் ஒரு தனிப் புள்ளி,
கீழே ஊரெல்லாம் ஒரு கோடாக.
நான் எழுதிய காரணமும் அச்சாகியது,
‘வடிவில்லை’ உட்பட.
அழிக்கலாமா என்று கொஞ்சநேரம் பார்த்திருந்தேன்.
டிலக்சனாவுக்கு அனுப்பினேன்.
“ஓடுது” என்று மட்டும் பதில்.

அது ஆனி மாதம், கைப்பிள்ளை.
இப்போது மாசி.
இந்தக் கழித்தலுக்கு நிரல் வேண்டாம்.

ஸ்கூட்டியில் பெற்றோல் கிடக்கிறதா என்று
இறங்கிப்போய்ப் பார்த்தேன்.